காதை மூடும் ஹெட்போன்: கையோடு எடுத்துச் செல்ல நல்லதாக ஒன்று

ஒரு ஹெட்போனுக்குப் பதினைந்தாயிரம் ரூபாயோ ஒரு லட்சமோ செலவழிப்பது என்று முடிவெடுத்துவிட்டவருக்கான அத்தியாயம் இது. ஊர் நெய்வேலி என்று வைத்துக்கொள்கிறேன். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஷிஃப்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், அவ்வப்போது சென்னைப் பஸ். இந்த வாழ்க்கைக்குப் பொருந்தும் ஹெட்போன் வேறு, ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்பவருக்குப் பொருந்துவது வேறு.

இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் நல்ல ஹெட்போன்கள்தான். இருந்தும் வாங்கிய பலர் ஆறு மாதத்தில் விற்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: காது மெத்தை அவர்கள் தலையில் சரியாக ஒட்டவில்லை, அல்லது அவர்களுடைய போனின் சக்தி அதற்குப் போதவில்லை. இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். விமர்சனங்களில் வரும் நட்சத்திரங்கள் கடைசி.

## படி 1: எங்கே கேட்கப் போகிறீர்கள்?

ஓப்பன்-பேக் ஹெட்போனின் பின்புறம் வலைபோலத் திறந்திருக்கும். ஒலி வெளியே கசியும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். க்ளோஸ்டு-பேக்கில் பின்புறம் மூடியிருக்கும். தேவையான தியரி அவ்வளவுதான்.

குவார்ட்டர்ஸில் கேட்பவருக்கு எதிரி சீலிங் ஃபேனும் ஏர் கூலரும். இவற்றின் இரைச்சலில் பெரும்பகுதியைச் சாதாரண மூடிய ஹெட்போனே நன்றாகக் குறைத்துவிடும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் அடுத்த அறையில் தூங்கும்போது உங்கள் பாட்டு அவர் காதுக்குப் போகாது என்பதும் லாபம். இங்கே கேபிள் உள்ள க்ளோஸ்டு-பேக்தான் என் பரிந்துரை. அதே பணத்துக்கு ஒலித் தரம் கூடுதலாகக் கிடைக்கும்; பேட்டரி செத்துப் போகும் கவலையும் இல்லை.

பஸ் கதை வேறு. நெய்வேலியிலிருந்து பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகச் சென்னைக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். டீசல் இன்ஜினின் உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் அதைச் சுற்றியும் இருக்கிறது. மெத்தையும் மூடியும் தடுப்பது பேச்சுச் சத்தத்தையும் அதற்கு மேற்பட்ட ஒலிகளையும்தான். அந்த உறுமல் அவற்றைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அதை எதிர்த்து வேலை செய்வது நாய்ஸ் கேன்சலிங். உங்கள் கேட்பு நேரத்தில் பாதிக்கு மேல் பஸ்ஸிலும் ரயிலிலும் என்றால் சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம் வரிசை, ஃபோகல் பாதிஸ் போன்ற வயர்லெஸ் நாய்ஸ் கேன்சலிங் மாடல்களுக்கே போங்கள். ஒலி நுணுக்கத்தில் இவற்றைவிடச் சிறந்த ஒரு கேபிள் ஹெட்போன், ஓடும் பஸ்ஸில் தோற்றுப்போகும். உறுமலை மூடுவதற்காக நீங்கள் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

வழக்கமான தவறு: இரண்டு இடத்துக்கும் ஒரே ஹெட்போன் என்று தேடுவது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், அதிக நேரம் கேட்கும் இடத்துக்கு வாங்குங்கள். மற்ற இடத்துக்கு இருப்பதை வைத்து ஓட்டலாம்.

## படி 2: மெத்தை ஒட்டுகிறதா?

மூடிய ஹெட்போனின் பாஸ் முழுக்க இந்த ஒட்டலை நம்பித்தான் இருக்கிறது. மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து இருந்தாலே கீழ்ச்சுதி ஒலிகள் வடிந்துவிடும். "இதில் பாஸே இல்லை" என்று ஒருவரும் "பாஸ் தாங்க முடியவில்லை" என்று இன்னொருவரும் ஒரே மாடலைப் பற்றிச் சொல்வது இதனால்தான். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், தலை வேறு.

சோதனை இப்படி:

1. 40 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். டோன் ஜெனரேட்டர் ஆப் இலவசமாகவே கிடைக்கும். வால்யூமைக் குறைத்தே தொடங்குங்கள்.
2. ஹெட்போனைப் போட்டு, தொனி மெல்லக் கேட்கும் அளவுக்கு ஏற்றுங்கள்.
3. இரண்டு கோப்பைகளையும் உள்ளங்கையால் மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். தொனி சட்டென்று பெருத்தால் ஒட்டல் சரியில்லை என்று அர்த்தம். பெரிய மாற்றம் இல்லாவிட்டால் நன்றாக ஒட்டியிருக்கிறது.
4. கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை. தடித்த பிளாஸ்டிக் ஃபிரேமின் காது, மெத்தையைத் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் சந்து விட்டுவிடும். மெல்லிய உலோகக் காதுள்ள ஃபிரேமோடு அதே ஹெட்போன் வேறு மாதிரி ஒலிக்கும்.
5. ஜிமிக்கி, மாட்டல் போடுபவர் அவற்றோடுதான் சோதிக்க வேண்டும். ஜிமிக்கி மெத்தைக்கு அடியில் போனால் சந்து விழும், கோப்பைக்குள் போனால் கிணுகிணுக்கும். பின்னலும் பூவும் ஹெட்பேண்டைத் தொடாது. ஆனால் காதுக்குப் பின்னால் கொத்தாக நிற்கும் முடி மெத்தைக்குள் போகும். அதை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.
6. வாயை அசையுங்கள், மெல்வதுபோலச் செய்யுங்கள். தாடை அசையும்போது பாஸ் வந்து வந்து போனால், பஸ் குலுக்கலில் அது தினமும் நடக்கும்.

மெத்தையின் துணி பற்றி நெய்வேலிக்காரர் கூடுதலாக யோசிக்க வேண்டும். செயற்கைத் தோல் நன்றாக ஒட்டும், ஆனால் மே மாதத்தில் அரை மணி நேரத்தில் காது வியர்த்துவிடும். வெல்வெட் போன்ற வெலூர் மெத்தை வியர்வைக்கு இதமானது. தடுப்பு கொஞ்சம் குறையும். ஏசி இல்லாத அறையில் கேட்பவருக்கு நான் வெலூரையே சொல்வேன். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80, 250 ஓம் வகைகள் வெலூர் மெத்தையோடுதான் வருகின்றன; 32 ஓம் வகைக்குச் செயற்கைத் தோல். தடுப்பு சுமார் 18 டெசிபல் என்று நிறுவனம் சொல்கிறது. ஃபேன் ஓடும் அறைக்கு அது போதும்.

## படி 3: போனின் சக்தி போதுமா?

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்ற உணர்திறன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓம் எண்ணை மட்டும் பார்த்து "32 ஓம், போனுக்கு ஏற்றது" என்று முடிவு கட்டுவதுதான் கடைகளில் அதிகம் நடக்கும் தவறு.

ஹெட்போன் கேபிளைப் போனில் செருக உதவும் யூஎஸ்பி-சி டாங்கிள்களில் நல்லதாக ஒன்று சுமார் 1 வோல்ட் தரும். ஆயிரத்தை ஓம் எண்ணால் வகுத்தால் அந்த 1 வோல்ட்டில் எத்தனை மில்லிவாட் போகும் என்று கிடைக்கும். மில்லிவாட் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும், இரண்டு மடங்கானால் 3 கூடும். இரண்டு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகை: 1000 ÷ 250 = 4 மில்லிவாட். உணர்திறன் 96. நான்கு மடங்குக்கு 6 கூட்டினால் உச்சம் 102 டெசிபல். அதே மாடலின் 32 ஓம் வகை: 31 மில்லிவாட், 15 கூட்டினால் 111. ஒன்பது டெசிபல் வித்தியாசம் சின்னதல்ல. கர்நாடக சங்கீத ரெக்கார்டிங்குகள் பலவும் சராசரியில் மெதுவாகப் பதிவானவை. ஆலாபனையைக் கேட்க 250 ஓம் வகையோடு டாங்கிளை முழு வால்யூமில் வைக்க நேரிடும். உச்சம் 110-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் போதும், அதற்கு மேல் சக்தி தேடிப் போக வேண்டாம். 110 என்பது உச்சத்துக்கான கணக்கு; கேட்கும் அளவு அல்ல.

ஓம் குறைவாக இருந்தும் போனுக்கு ஒத்துவராதவை உண்டு. டான் கிளார்க் ஆடியோவின் ஏயான் 2 வரிசை 13 ஓம்தான். 1 வோல்ட்டில் 77 மில்லிஆம்பியர் கேட்கும். சின்ன டாங்கிள் அதைத் தாங்காது. ஏயான் 2 மடங்கும், ஒலியும் அருமை, ஆனால் கையடக்க ஆம்ப் ஒன்றையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

டிப்ஸ்: ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் செருகினால் பல போன்களில் ஒலி குறைவாகவே வரும். ஹெட்போனைக் குறை சொல்வதற்கு முன் வேறு டாங்கிளில் செருகிப் பாருங்கள்.

## படி 4: எடை, மடிப்பு, கேபிள்

போர்ட்டபிள் என்ற சொல்லைப் பெட்டியில் நம்பாதீர்கள், எடையைப் பாருங்கள். ஃபோகல் ஸ்டெல்லியாவுக்குப் போனே போதும். ஆனால் 435 கிராம். சோனி எம்டிஆர்-இசட்1ஆர் 385 கிராம், மடங்காது. இரண்டுமே நாற்காலியில் சாய்ந்து கேட்க வேண்டியவை. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதற்கு அல்ல. என் வரம்பு 300 கிராம். ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்50எக்ஸ் 285 கிராம், மடங்கும். மீசே 99 கிளாசிக்ஸ் 260 கிராம். மடங்காது, ஆனால் கெட்டியான உறை கூடவே வரும். சென்ஹைசர் எச்டி 25 வெறும் 140 கிராம், தடுப்பும் நல்லது. காதின் மேலே அழுத்தி உட்காரும் வகை என்பதால் கண்ணாடி போடுபவருக்கு ஒரு மணி நேரத்தில் வலிக்கும்.

கேபிள் கழற்றி மாட்டக் கூடியதாக இருக்கட்டும். நீளம் ஒன்றரை மீட்டர் போதும். ஸ்டுடியோ வகைகளில் மூன்று மீட்டர் சுருள் கேபிள் வரும். சீட் கைப்பிடியில் மாட்டி, போனையே இழுத்துக் கீழே போடும். டிடி 770 ப்ரோ வாங்குவதானால் 32 ஓம் வகையில் 1.6 மீட்டர் கேபிள், மற்றவற்றில் 3 மீட்டர். இந்த மாடலில் கேபிளைக் கழற்ற முடியாது என்பதையும் தெரிந்து வாங்குங்கள்.

## படி 5: உங்களுக்குப் பழக்கமான பாட்டில் கேளுங்கள்

கடைக்காரர் போடும் டெமோ பாட்டு எல்லா ஹெட்போனிலும் நன்றாகத்தான் இருக்கும். நூறு தடவை கேட்ட பாட்டுகளை டவுன்லோட் செய்து எடுத்துப் போங்கள். இந்த வரிசையில் கேளுங்கள்.

1. 1950-60களின் மோனோ பாட்டு ஒன்று. மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி. பாடுபவரின் குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடவலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் மாறினால் கோளாறு ஹெட்போனில். சாய்வு அதே பக்கத்தில் நின்றால் உங்கள் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

2. மிருதங்கத் தனி. மூடிய ஹெட்போனின் பெரிய பலவீனம், கோப்பைக்குள் அடைபட்ட ஒலி திரும்பி வந்து முட்டுவது. தொப்பிப் பக்கத்தில் கும்கி வாசிக்கும்போது சுதி கீழிருந்து வழுக்கி ஏறும். அந்த வழுக்கல் ஒரே சீராக வர வேண்டும். ஏறும் வழியில் ஓர் இடத்தில் மட்டும் வீங்கி மற்ற இடங்களில் மெலிந்தால், அந்தச் சுதியில் கோப்பை தானாகவே அதிர்கிறது. வலந்தலையின் சாப்பு அப்போதும் தெளிவாகப் பிரிந்து கேட்கிறதா என்று கவனியுங்கள். இந்த ஒரு சோதனையில் தேறியதை நான் பாதி வாங்கிவிட்டதாகவே எண்ணிக்கொள்வேன்.

3. கனத்த ஆண் குரல். டப்பாவுக்குள் பாடுவதுபோல இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். பழகுவது காதுதான், டப்பா அப்படியே இருக்கும்.

4. நாதஸ்வரம். உச்ச ஸ்தாயியில் காது கூசினால், அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

5. பல வாத்தியங்கள் சேர்ந்தது. இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' இதற்கு நல்லது. வயலின்களுக்கு அடியில் ஓடும் பாஸைத் தொடர்ந்து பின்பற்ற முடிகிறதா என்று பாருங்கள். மூடிய ஹெட்போனில் இடப்பரப்பு ஓப்பன்-பேக் அளவுக்கு விரியாது. அதை எதிர்பார்க்க வேண்டாம். வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது வால்யூம் சமமாக இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது நமக்கு எப்போதும் நல்லதாகத் தோன்றும். விலை உயர்ந்தது சத்தமாக ஒலித்துவிட்டாலே பலர் பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள்.

## படி 6: எங்கே வாங்குவது

இந்த விலை ஹெட்போனைப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவு முதல் ஸ்டுடியோ வகைவரை கிடைக்கும். கேட்டுப் பார்க்க விடுவார்களா என்று போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். விட மாட்டார்கள் என்றால் அங்கே போவதும் ஆன்லைனில் வாங்குவதும் ஒன்றுதான்.

ஆன்லைன் என்றால், திருப்பித் தரும் நிபந்தனையைப் பணம் கட்டுமுன் படியுங்கள். பெட்டியைத் திறந்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பவர்களிடம் வாங்க வேண்டாம். பார்சலைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். சீரியல் எண்ணை நிறுவனத் தளத்தில் பதிவு செய்யுங்கள். புகழ்பெற்ற மாடல்களுக்கு அச்சு அசல் நகல்கள் உலவுகின்றன. பிறகு முதல் இரண்டு நாட்களிலேயே படி 2, படி 5 முழுவதையும் வீட்டில் செய்து முடியுங்கள்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வருவதாகச் சொன்னால், வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று மாடல்வாரியாகக் கேளுங்கள். பல நிறுவனங்களில் செல்லாது. விலை வித்தியாசம் ரிப்பேர் செலவைத் தாங்கும் அளவுக்கு இருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள். மாற்று மெத்தை இங்கே கிடைக்கிறதா என்பதையும் அதோடு விசாரித்துவிடுங்கள்.

## ஷிஃப்ட் முடிந்து வந்த காது

நெய்வேலியில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டர்பைன் ஹாலிலோ கன்வேயர் டிரைவ் பக்கத்திலோ எட்டு மணி நேரம் இருந்து வந்த காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். உங்களுக்குத் தெரியாது, சாதாரணமாகத்தான் இருப்பதுபோலத் தோன்றும். அந்த நிலையில் ஹெட்போனைப் போட்டால் வழக்கமான வால்யூம் போதாது, ஏற்றுவீர்கள். ஏற்கெனவே அடிபட்ட காதுக்கு இரண்டாவது அடி.

- வார ஓய்வு நாள் காலையில், காது ஓய்ந்திருக்கும்போது, அமைதியான அறையில் இதமான வால்யூம் எது என்று கண்டுபிடித்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மேல் வரம்பு. ஷிஃப்ட் முடிந்த மாலையில் அந்த எண்ணில் மந்தமாகக் கேட்டால், அன்று ஹெட்போன் வேண்டாம். இரவு தூங்கி எழுந்து கேளுங்கள்.
- உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. வேலையிடத்துச் சத்தமும் அதே காதின் கணக்கில்தான் சேரும்.
- ஹெட்போன் தேர்வும் ஷிஃப்ட் நாளில் வேண்டாம். மந்தமான காதுக்கு ட்ரெபிள் தூக்கலான ஹெட்போன் தெளிவாகத் தோன்றும். ஓய்வு நாளில் அதுவே கூசும்.
- பல வருடச் சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாகத் தொடங்கும். மருத்துவப் பரிசோதனையில் எடுத்த காதுச் சோதனை வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அங்கே பள்ளம் இருந்தால் அதை வால்யூமால் நிரப்ப முயல வேண்டாம். காது மருத்துவரைப் பாருங்கள்.

க்ளோஸ்டு-பேக் ஹெட்போன் காதுப் பாதுகாப்புக் கருவி அல்ல. சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் கொடுக்கும் இயர் மஃபுக்குப் பதிலாக இதைப் போடவே கூடாது. பின்னால் வரும் டம்பரின் ஹாரனும் எச்சரிக்கை சைரனும் கேட்காமல் போவது உயிர் ஆபத்து. டவுன்ஷிப் சாலையில் சைக்கிளிலும் பைக்கிலும் போகும்போதும், ரயில்வே கேட்டைக் கடக்கும்போதும், விடியற்கால நடையிலும் கழுத்தில் இறக்கிவிடுங்கள். ஒரு பக்கக் கோப்பையை மட்டும் ஒதுக்கிக்கொள்வதும் வேண்டாம். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஒற்றைக் காது சரியாகச் சொல்லாது.

## வெயில், தூசு, வியர்வை

பைக் டிக்கியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். வயர்லெஸ் வகையில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. சூட்டில் அதன் ஆயுள் குறையும், உப்பிப்போனால் ஆபத்து. கேபிள் வகையிலும் மெத்தையின் பசை இளகும்.

செயற்கைத் தோல் மெத்தையை வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து உரிக்கும். கேட்டு முடித்ததும் உலர்ந்த மென்துணியால் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட வைத்து, பிறகு உறையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். சானிடைசர், ஸ்பிரிட் எதையும் மெத்தையில் தடவக் கூடாது.

பழுப்பு நிலக்கரித் தூசும் சாம்பலும் ஜன்னலில் படிவதைப் பார்க்கிறீர்கள், அதே தூசுதான் ஹெட்போனில் ஒலி எழுப்பும் டிரைவரின் வலையிலும் படியும். மெத்தையைக் கழற்றி, மென்மையான பிரஷால் வலையை மேலோட்டமாகத் தட்டிவிடுங்கள், கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. வாயால் ஊத வேண்டாம், வேக்குவம் கிளீனர் கண்டிப்பாக வேண்டாம். மெல்லிய டயஃப்ரம் குழிந்துவிடும்.

மெத்தை உரியத் தொடங்கினாலோ அமுங்கித் தட்டையானாலோ 40 ஹெர்ட்ஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒட்டல் போயிருந்தால் புது மெத்தை மாற்றுங்கள், முடிந்தவரை அதே நிறுவனத்துடையதாகவே. வேறு கனத்தில், வேறு துணியில் மெத்தை போட்டால் ஒலியும் மாறிவிடும்.